ஜெல்லில் ஒரே பட்டை, கியூவெட்டில் அசைவே இல்லை: பைருவேட் கார்பாக்சிலேஸ் பற்றி ஒரு கேள்வி

அவரைவேர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இங்கே நொதிகளோடு பழகியவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பதால் நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது இரண்டாம் ஆண்டு. நான் பார்ப்பது ரைசோபியம் எட்லி என்ற பாக்டீரியாவின் பைருவேட் கார்பாக்சிலேஸ். மெக்சிகோவில் பீன்ஸ் செடியின் வேர்முடிச்சிலிருந்து பிரித்த சிஎஃப்என்42 திரிபின் மரபணு. இந்த நொதியின் முழு நீள வடிவம் 2007-இல் வெளியானது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இதன் மேல் ஆசை. ஒரு சங்கிலியில் 1154 அமினோ அமிலங்கள், அப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு நொதி. ஒரு முனையில் ஏடிபி செலவில் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்து பயோட்டின் என்ற வைட்டமின் மேல் ஏற்றுகிறது. பயோட்டின் அதைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்துச் சங்கிலியில் இருக்கும் இன்னொரு மையத்தில் பைருவேட்டிடம் இறக்கிவைக்கிறது. ஆக்சலோஅசிட்டேட் கிடைக்கிறது. தன் பைகார்பனேட் மையத்தில் ஏற்றியதை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் அஸ்பார்டேட் எந்த இடத்தில் தடை போடுகிறது என்பதுதான் என் ஆய்வு.

செய்தது இதுதான். முன்முனையில் ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) வைத்து, ஈ. கோலி பிஎல்21 செல்லில் ஏற்றினேன். எல்பி மீடியம் 2 லிட்டர், 37 டிகிரியில் செல் அடர்த்தி (ஓடி) 0.8 வரை வளர்த்து, புரத உற்பத்தியைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி போட்டு, 30 டிகிரியில் நான்கு மணி நேரம். செல்லை ஒலியால் உடைத்து (சோனிகேட்), நிக்கல் காலத்தில் (ஹிஸ் டேக்கைப் பிடித்துவைக்கும் மணிகள் நிரப்பிய குழாய்) ஏற்றி, 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கினேன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் 130 கிலோடால்டன் அருகே ஒரே தடிமனான பட்டை. பிராட்ஃபோர்ட் முறையில் மொத்தப் புரதத்தை அளந்தால் 18 மி.கி. அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் அந்த ஜெல்லைக் காட்டினேன்.

அடுத்த நாள் வினைவேகம் அளந்தேன். உருவாகும் ஆக்சலோஅசிட்டேட்டை மாலேட் டிஹைட்ரோஜினேஸ் மாலேட்டாக மாற்றும், கூடவே என்ஏடிஎச் குறையும், 340 நானோமீட்டரில் அது இறங்குவதைப் பார்க்கும் வழக்கமான இணைப்பு முறை. டிரிஸ் பிஎச் 7.8, 30 டிகிரி, 1 மி.லி. கியூவெட் (ஒளி ஊடுருவும் சிறு குப்பி). பைருவேட், பைகார்பனேட், ஏடிபி, மெக்னீசியம், அசிட்டைல் கோஏ எல்லாம் போதுமான அளவு. 20 மைக்ரோகிராம் நொதி போட்டும் நிமிடத்துக்கு ஒளி உறிஞ்சல் 0.026 மட்டுமே இறங்குகிறது. நொதியே போடாவிட்டாலும் 0.006 இறங்குகிறது. ஏடிபி இல்லாமல் 0.007. பைகார்பனேட் இல்லாமல் 0.009. கழித்துக் கணக்குப் போட்டால் ஒரு மி.கி.க்கு 0.16 யூனிட் (நிமிடத்துக்கு மைக்ரோமோல்). மற்றவர்கள் வெளியிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு.

புதிதாக ஏடிபி கரைத்தேன். பஃபரை மாற்றினேன். இமிடசோலை டயாலிசிஸ் செய்து எடுத்தேன். கிளிசரால் சேர்த்தேன். மூன்று முறை புதிதாக வளர்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே அழகான பட்டை, அதே 0.16. டேக் கெடுக்கிறதா? சோனிகேட் செய்யும்போது நான்கு சங்கிலிகளும் பிரிந்துபோகின்றனவா? எங்கே பார்ப்பது என்று சொல்லுங்கள்.


மீனாட்சி_கார்பாக்சி எழுதியது:

நல்ல விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது. உங்கள் நொதி கெட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன். பெரும்பகுதி முழு நொதியாக ஆகவே இல்லை. நீங்கள் எழுதியதில் எங்கேயுமே பயோட்டின் சேர்த்ததாக இல்லை, பிர்ஏ பற்றியும் ஒரு வரி இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்கள் புரதம் ரைபோசோமிலிருந்து வெளியே வரும்போது அதில் பயோட்டின் கிடையாது. கடைசி முனையிலிருந்து 35 அமினோ அமிலம் உள்ளே, 1119-ஆவது இடத்தில் ஒரு லைசின் இருக்கிறதே, அதில் பிறகுதான் ஒட்டவேண்டும். ஒட்டுவது பிர்ஏ என்ற இன்னொரு நொதி. ஏடிபியைச் செலவழித்து பயோட்டினை முதலில் அடினைலேட்டாக மாற்றி, அப்புறம் அந்த லைசினில் வைக்கும். இப்போது ஈ. கோலியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதற்குச் சொந்தமாகப் பைருவேட் கார்பாக்சிலேஸ் கிடையாது. அது பயோட்டின் ஒட்டவேண்டிய சொந்தப் புரதம் ஒன்றே ஒன்று, கொழுப்பு அமிலம் தயாரிக்கும் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸின் சிறு துண்டு. அந்த ஒன்றுக்குப் போதுமான பிர்ஏயும் பயோட்டினும்தான் செல்லில் இருக்கும். நீங்கள் 1 மில்லிமோலார் ஐபிடிஜி போட்டு நான்கு மணி நேரத்தில் மலைபோல் புரதத்தைக் குவித்தால் அந்தக் கொஞ்ச பிர்ஏ என்ன செய்யும்?

நிக்கல் காலத்துக்கு ஹிஸ் டேக் மட்டும்தான் தெரியும். பயோட்டின் உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகவே பிடிக்கும். ஜெல்லும் பிரித்துக் காட்டாது, 130 கிலோடால்டனில் பயோட்டினின் எடை வெறும் 0.2. பிராட்ஃபோர்டும் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். ஆக நீங்கள் செய்த மூன்று சோதனையில் ஒன்றுகூட பயோட்டினைப் பார்க்கவில்லை.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். என்னுடையது வேறொரு பாக்டீரியாவின் புரோப்பியோனைல் கோஏ கார்பாக்சிலேஸ். ஐந்து மாதம் போன பிறகு, பக்கத்து ஆய்வகத்தில் வேறு வேலைக்கு வைத்திருந்த ஸ்ட்ரெப்டவிடினை (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) வாங்கி ஒரே ஒரு ஜெல் ஓட்டினேன். மாலை நாலு மணிக்கு விடை தெரிந்துவிட்டது. அதையே நீங்களும் செய்யுங்கள். உங்கள் நொதியை எஸ்டிஎஸ் பஃபரில் கொதிக்கவைத்து, அறை வெப்பத்துக்கு நன்றாக ஆறவிடுங்கள். அதன் பிறகுதான் ஸ்ட்ரெப்டவிடினைச் சேர்க்கவேண்டும், தாராளமாக, நொதியைவிடப் பல மடங்கு. பத்து நிமிடம் வைத்து, மறுபடி சூடாக்காமல் ஜெல்லில் ஏற்றுங்கள். ஸ்ட்ரெப்டவிடின் எஸ்டிஎஸ்ஸில் கலையாது, சூடாக்கினால்தான் கலையும். அதனால் குறைந்த வோல்ட்டில் ஓட்டுங்கள், ஜெல் சூடேறக் கூடாது. பயோட்டின் உள்ள சங்கிலி ஸ்ட்ரெப்டவிடினையும் சுமந்துகொண்டு மேலேயே நின்றுவிடும். இல்லாதது 130-லேயே இருக்கும். பக்கத்து வரிசையில் ஸ்ட்ரெப்டவிடின் சேர்க்காத அதே மாதிரி. இரண்டையும் ஒப்பிட்டால் எத்தனை பங்கு முழு நொதி என்று கண்ணாலேயே சொல்லலாம்.


அவரைவேர் எழுதியது:

மிக்க நன்றி அக்கா. பயோட்டின் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஈ. கோலி அதைத் தானே தயாரிக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: மீடியத்தில் பயோட்டினை மட்டும் சேர்த்தால் போதாதா? பிர்ஏக்குத் தனியாகப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) வேண்டுமா?


மீனாட்சி_கார்பாக்சி எழுதியது:

இரண்டும் வேண்டும். பயோட்டின் கொட்டிக் கிடந்தாலும் ஒட்ட ஆள் இல்லாவிட்டால் அப்படியேதான் கிடக்கும். பிர்ஏயை அராபினோஸால் தூண்டும் பிளாஸ்மிட்கள் இருக்கின்றன, பெரும்பாலும் குளோராம்ஃபெனிகால் எதிர்ப்போடு வரும். உங்கள் பிஎல்21-இல் பிலைஸ்எஸ் என்ற பிளாஸ்மிட் ஏற்கெனவே இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, முதலில் அதைப் பாருங்கள். அராபினோஸைச் சீக்கிரமே போட்டுவிடுங்கள், ஐபிடிஜி போடும் நேரத்துக்குள் பிர்ஏ தயாராக இருக்கவேண்டும். ஐபிடிஜியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 16 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். புரதம் குறைவாகத்தான் கிடைக்கும். பரவாயில்லை.

பயோட்டின் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இரண்டு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் கண்ணெதிரே தெளியும். அப்புறம் வடிகட்டிச் சேர்க்கலாம்.


கியூவெட்டடி எழுதியது:

பயோட்டின் விஷயத்தில் மீனாட்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் உங்கள் 0.006 பற்றிப் பேச வருகிறேன், அதைக் கழித்துவிட்டுப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

நொதியே போடாமல் என்ஏடிஎச் இறங்குகிறது என்றால் கியூவெட்டில் வேறு எதுவோ அதைத் தின்கிறது. நீங்கள் வாங்கிய மாலேட் டிஹைட்ரோஜினேஸில் துளி லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் இருக்கலாம். இந்த முறையில் பைருவேட் நிறைய இருப்பதால் அந்தத் துளியே போதும், பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். பைருவேட்டை மட்டும் விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள், 0.006 காணாமல் போனால் இதுதான் காரணம். வேறு லாட் வாங்குங்கள். சுத்திகரிக்காத சாற்றில் அளப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை, அங்கே செல்லின் சொந்த லாக்டேட் டிஹைட்ரோஜினேஸும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் சிட்ரேட் சின்தேஸ் போட்டு, வெளிவரும் கோஏயை டிடிஎன்பி என்ற வேதிப்பொருள் கொண்டு 412 நானோமீட்டரில் பார்ப்பது நல்லது.

பைகார்பனேட் இல்லாமலும் கொஞ்சம் ஓடுகிறதே, அதற்குக் காரணம் காற்று. பிஎச் 7.8 பஃபர் திறந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊற்றிப் பிஎச் சரிசெய்த பைருவேட் கரைசலும் அப்படியே. கொதிக்கவைத்து நைட்ரஜன் ஓட்டினால் குறையும், முழுதாகப் போகாது. அதனால் பைகார்பனேட் இல்லாத அளவை வெற்று அளவாக (கழிக்கவேண்டிய பின்னணியாக) நம்பவேண்டாம்.

நம்பத்தக்க வெற்று அளவு அவிடின் போட்டது. கோழிமுட்டை வெள்ளைக்கருவின் அவிடின் பயோட்டினைப் பிடித்தால் விடாது, பிரிகை மாறிலி 10-இன் அடுக்கு மைனஸ் 15 மோலார் அளவில். நொதியை அவிடினோடு பத்து நிமிடம் வைத்துவிட்டு அளங்கள். அதன் பிறகும் இறங்குவது எதுவுமே உங்கள் நொதியால் அல்ல. இன்னொரு கியூவெட்டில், முன்கூட்டியே பயோட்டின் ஊட்டி நிரப்பிய அவிடினைப் போடுங்கள். அதில் வினைவேகம் குறையக் கூடாது. இந்த இரண்டையும் ஆய்வேட்டில் ஒரே படத்தில் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 1936-இல் கோகலும் டோன்னிஸும் பயோட்டினைப் படிகமாகப் பிரித்ததும் முட்டையிலிருந்துதான், மஞ்சள் கருவிலிருந்து. மஞ்சள் கருவில் வைட்டமின், அதைச் சுற்றிய வெள்ளைக்கருவில் அதைக் கட்டிப்போடும் புரதம். ஒவ்வொரு முறை அவிடின் குப்பியைத் திறக்கும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நான்கும் பிரிகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அட்டரும் கீச்சும் 1960-இல் கோழி ஈரலில் இந்த நொதியை முதலில் கண்டார்கள். அந்த ஈரல் நொதி குளிரில் வேகத்தை இழக்கும், நான்காக இருப்பது பிரிந்துபோகும். மிகவும் நீர்த்த நிலையிலும் அதே கதை. உங்களுடையது பாக்டீரியா நொதி, அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஐஸில் மணிக்கணக்கில் நீர்த்த கரைசலாக வைக்காதீர்கள். கெட்டியாக வைத்திருந்து, அளக்கும் நேரத்தில் நீர்த்துப் போடுங்கள்.


பொன்வண்டு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சுற்றவேண்டுமா? மோனோமெரிக் அவிடின் (பயோட்டினைத் தளர்வாகப் பிடிக்கும் அவிடின்) நிரப்பிய காலம் இருக்கிறதே. அதில் ஏற்றினால் பயோட்டின் உள்ளது மட்டும் ஒட்டும், இல்லாதது ஓடிவிடும். 2 மில்லிமோலார் பயோட்டினில் இறக்கிக்கொள்ளலாம். இப்போது கையிலிருக்கும் 18 மி.கி.யே போதுமே, மறுபடி வளர்க்கவேண்டாம்.


மீனாட்சி_கார்பாக்சி எழுதியது:

பொன்வண்டு, ஒற்றைச் சங்கிலி புரதம் என்றால் நீங்கள் சொல்வது சரி. இது நான்கு சங்கிலி. செல்லுக்குள் பத்தில் ஒன்றுக்குத்தான் பயோட்டின் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று ஒட்டியது, மூன்று ஒட்டாதது என்று கலந்தே நான்குகள் அமையும். காலம் அந்த ஒரு பயோட்டினைப் பிடித்து மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துவரும். இறக்கினால் முன்பைவிட நன்றாக இருக்கும், முழுமையாக இருக்காது. அதுவும் பயோட்டின் பக்கத்துச் சங்கிலிக்குப் போய்வரும் நொதி இது. கலப்பு நான்குகளை வைத்து அஸ்பார்டேட் தடையைப் படித்தால் எந்த மையம் வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்றே புரியாது. இன்னொன்று, ஈ. கோலியின் சொந்தப் பயோட்டின் புரதமும் அந்தக் காலத்தில் ஒட்டும், ஜெல்லில் 22 கிலோடால்டன் பக்கம் வந்து நிற்கும். இந்தக் குறையைச் செல்லுக்குள்ளேயே சரிசெய்துவிடவேண்டும். பிறகு எந்தக் காலம் வந்தாலும் சரிசெய்ய முடியாது.

வேறு பாக்டீரியாவிலிருந்து நேரடியாக எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதமாக வரும். கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் என்ற, குளுட்டமேட்டும் லைசினும் தயாரிக்கும் தொழிற்சாலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயோட்டினைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, வெளியிலிருந்து வரவேண்டும். அதில் பைருவேட் கார்பாக்சிலேஸ் இருக்கிறதா என்பதே நெடுநாள் சந்தேகமாக இருந்தது, உடைத்த சாற்றில் வேகம் தெரியவில்லை. 1997-இல் ஜெர்மனியின் யூலிஷ் குழுவினர் செல்லை உடைக்காமல், டிடர்ஜென்ட்டால் சவ்வில் துளை மட்டும் போட்டு அளந்து காட்டினார்கள். நொதி அங்கேதான் இருந்தது.


அவரைவேர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

பழைய மாதிரியில் முதலில் ஸ்ட்ரெப்டவிடின் ஜெல் ஓட்டினேன். சாயம் கழுவிக் கழுவி, பின்னணி தெளியும்வரை பக்கத்திலேயே நின்றேன். 130-இல் இருந்த அந்தத் தடிமனான பட்டை, ஸ்ட்ரெப்டவிடின் போட்ட வரிசையிலும் கிட்டத்தட்ட அதே தடிமனோடு அப்படியே நின்றது. மேலே, மாதிரியை ஏற்றிய கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே, நகத்தால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான் நொதி. ஆறு வாரமாக நான் அளந்துகொண்டிருந்தது அந்தக் கோட்டை.

பிர்ஏ பிளாஸ்மிட் கேட்டு வாங்கி, பயோட்டின் சேர்த்து, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜியோடு 16 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்தேன். 2 லிட்டருக்கு 7 மி.கி.தான் வந்தது. அதே ஜெல்லை ஓட்டினேன். இந்தமுறை 130-இல் மங்கலான ஒரு நிழல், மேலே கருநீலமாக இரண்டு பட்டைகள். ஸ்ட்ரெப்டவிடினுக்கு நான்கு பைகள் இருப்பதால் ஒன்றுக்கு மேல் பிடித்ததுதான் இரண்டாவது பட்டை என்று நினைக்கிறேன்.

வினைவேகம்: 5 மைக்ரோகிராம் போட்டதற்கே நிமிடத்துக்கு 0.12 இறங்கியது. ஒரு மி.கி.க்கு 3.9 யூனிட். அவிடினோடு வைத்தால் தட்டையான கோடு. பயோட்டின் ஊட்டிய அவிடின் போட்டால் முழு வேகம். கியூவெட்டடி அண்ணா, 0.006 நீங்கள் சொன்னபடியே பைருவேட் இல்லாமல் மறைந்தது, புதிய லாட் மாலேட் டிஹைட்ரோஜினேஸில் 0.001 மட்டுமே. அசிட்டைல் கோஏயை விட்டுவிட்டால் வேகம் பெருமளவு விழுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எழுகிறது. அஸ்பார்டேட் தடுக்கிறது! முதல்முறையாக ஒரு வளைவு, வளைவு மாதிரியே இருக்கிறது.

இனி ஒரு கேள்வி. வினைமாற்று எண் (ஒரு நொதி மையம் ஒரு நொடியில் மாற்றும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை) கணக்கிடும்போது எதால் வகுப்பது? புரதத்தின் அளவாலா?


மீனாட்சி_கார்பாக்சி எழுதியது:

படிக்கும்போதே மனம் நிறைந்தது. பயோட்டினால் வகுங்கள், புரதத்தால் வேண்டாம். அதற்கு ஹாபா முறை போதும். ஹாபா என்ற சாயம் அவிடினோடு சேர்ந்து 500 நானோமீட்டரில் நிறம் காட்டும். பயோட்டின் வந்தால் சாயத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், நிறம் இறங்கும். முழு நொதியை அப்படியே போடாதீர்கள், அவ்வளவு பெரிய புரதத்தில் இருக்கும் பயோட்டின் அவிடினின் பைக்குள் சரியாக நுழையாது. முதலில் புரோட்டியேஸ் போட்டு இரவு முழுக்கச் செரிக்கவையுங்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதிவைக்கவேண்டும். போன மாதத் தயாரிப்பின் எண்ணை இந்த மாதத்துக்கு எடுக்காதீர்கள்.


அவரைவேர் எழுதியது:

ஹாபா முடிந்தது அக்கா. ஒரு சங்கிலிக்கு 0.78 பயோட்டின். பழைய 18 மி.கி. மாதிரியையும் ஒப்பிடுவதற்காகவே அளந்தேன், 0.04. அதைத் தூக்கிப்போடவில்லை. பயோட்டின் ஏறாத நொதிக்கு நல்ல மாதிரியாக மைனஸ் 80-இல் இருக்கிறது. 1119 லைசினை குளுட்டமினாக மாற்றிய மரபணுவும் வந்துவிட்டது, அது பயோட்டினைப் பெறவே முடியாத திரிபு. திங்கட்கிழமை இரண்டையும் புதிய தயாரிப்போடு ஒரே ஜெல்லில் ஸ்ட்ரெப்டவிடினோடு ஓட்டப்போகிறேன். படம் இங்கே போடுகிறேன்.